2,14,74,83,647: 2038-ல் கடிகாரத்தை 1901-க்குத் தள்ளப்போகும் எண்!

2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அப்போது பழைய கணினிகள் பலவற்றின் கடிகாரம் 2,14,74,83,647 என்ற எண்ணைத் தொடும். அடுத்த விநாடி? தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும்.

அது என்ன அந்த எண்?

பெரும்பாலான கணினிகள், 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி ஆச்சு என்று எண்ணித்தான் நேரத்தைக் கணக்கிடுகின்றன. பழைய சிஸ்டங்களில் இதற்கு 32 பிட் இடம். ஒரு பிட், பிளஸ்ஸா மைனஸா என்று காட்டவே போய்விடும். மீதி 31 பிட்டிலும் 1 நிரம்பினால் வருவதுதான் இந்த எண். இன்னும் ஒன்று கூட்டினால் மைனஸுக்குத் தாவிவிடும். அதனால்தான் 1970-க்கு முந்தைய தேதி.

‘கங்னம் ஸ்டைல்’ ஞாபகம் இருக்கா? 2014 டிசம்பரில் அந்தப் பாட்டின் பார்வைகள் இதே எண்ணைத் தாண்டியதால்தான், கவுன்ட்டரை 64 பிட்டுக்கு மாற்றியதாக யூடியூப் சொன்னது.

கணித உலகத்துக்கோ இந்த எண் 250 வருஷப் பழக்கம். இது பகா எண் என்று 1772-ல் நிரூபித்தவர் ஆய்லர். சாதாரணமாகச் செய்தால், 46,340 வரையுள்ள நாலாயிரத்து எழுநூறு சொச்சம் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கணும். ஆனால், இதை மீதியின்றி வகுக்கும் பகா எண் ஒன்று இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வர முடியும். அப்படிப்பட்டவை வெறும் 84-தான்! ஒன்றுகூட வகுக்கவில்லை. ஆய்லருக்கு அப்போது கண்பார்வை கிட்டத்தட்ட முழுசா போயிருந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு இதைவிடப் பெரிய பகா எண் யாருக்கும் தெரியாது. (பகா எண் என்பதற்கும் 2038 சிக்கலுக்கும் சம்பந்தமில்லை. அது தற்செயல்தான்.)

“2038-க்கு இன்னும் நாள் இருக்கே?” என்கிறீர்களா? 2006 மே மாதமே இது ஒரு முறை கடித்துவிட்டது. ஏஓஎல்சர்வர் என்ற வெப் சர்வர் மென்பொருளில், ‘டைம்அவுட்டே வேண்டாம்’ என்பதற்காக 100 கோடி விநாடி, அதாவது சுமார் 32 ஆண்டுகள் என்று செட் செய்திருந்தார்கள். கூட்டினால் 2038-ஐத் தாண்டியது, சர்வர்கள் படுத்துவிட்டன.

எதிர்காலத் தேதியைக் கணக்கிடும் எந்த மென்பொருளுக்கும் இதே ஆபத்து உண்டு. 20 வருஷ வீட்டுக் கடன் இப்போது வாங்கினால், கடைசி இஎம்ஐ 2038-க்கு அந்தப் பக்கம்தான்.

புதிய ஸ்மார்ட்போன்கள் 64 பிட். அந்தக் கடிகாரம் 29,000 கோடி ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். கவலை, ஒரு தடவை மாட்டிவிட்டு மறந்துபோகும் பழைய கருவிகள் பற்றித்தான். ஐடியில் இருப்பவர்கள் டேட்டாபேஸையும் பாருங்க: மைஎஸ்கியூஎல்-லில் ‘டைம்ஸ்டாம்ப்’ வகை அந்த 2038 ஜனவரி 19-உடன் நின்றுவிடும், ‘டேட்டைம்’ வகை 9999 வரை போகும்.