வெப்பமண்டல வானில் புரோமின்

கடற்பாசிகளும் நுண்தாவரங்களும் புரோமோஃபார்ம் என்ற புரோமின் சேர்மத்தை வெளியிடுகின்றன. சில வாரங்களே நிலைக்கும் இது, மேற்குப் பசிபிக்கின் இடிமேகங்களோடு மேலேறி, 14 முதல் 18 கிலோமீட்டர் உயரத்திலுள்ள இடைப்படலத்தை, அதாவது வளிமண்டலத்தின் கீழடுக்குக்கும் அதற்கு மேலுள்ள படுகை அடுக்குக்கும் (ஸ்ட்ராடோஸ்பியர்) இடைப்பட்ட பகுதியை, அடைகிறது. ஓசோன் நிறைந்த படுகை அடுக்குக்குள் காற்று நுழையும் முதன்மை வாசல் அதுதான்.

அங்கே சூரிய ஒளி சேர்மத்தைச் சிதைத்து, புரோமின் அணுக்களை விடுவிக்கிறது. ஓசோனை அழிப்பதில் ஒரு புரோமின் அணு ஒரு குளோரின் அணுவைவிட ஏறத்தாழ 60 மடங்கு வலியது. அதனால்தான் மிகச் சிறிய அளவு புரோமினுக்கும் இத்தனை கவனம்.

இந்த நிகழ்வுகளைக் கணிக்கும் கணினி மாதிரிகளுக்கு உண்மையான சோதனை அடுத்த கட்டத்தில் வருகிறது. விடுபட்ட புரோமினில் ஒரு பகுதி ஹைட்ரஜன் புரோமைடாக மாறி நீரில் கரைந்து மழையோடு இறங்கிவிடலாம். அல்லது மேகங்களின் பனித்துகள் பரப்பில் வினைபுரிந்து மீண்டும் வாயுவாகலாம். எந்தப் பாதை வெல்கிறது என்பதைப் பொறுத்தே மேலே செல்லும் அளவு மாறும். படுகை அடுக்கில் மொத்தம் ஒரு இலட்சம் கோடியில் சுமார் 20 பங்கு புரோமின்தான் உண்டு; அதில் ஏறக்குறைய 5 பங்கு இத்தகைய குறுகிய ஆயுள் சேர்மங்களின் கொடை.

இக்கணக்குகளைச் சரிபார்க்க அளவீடு வேண்டும். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியிலுள்ள நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையம் ‘அட்ரெக்ஸ்’ திட்டத்தை நடத்தியது. ஆளில்லா குளோபல் ஹாக் விமானம் 2013இல் கலிஃபோர்னியாவிலிருந்தும் 2014இல் குவாமிலிருந்தும் பறந்து, அந்த இடைப்படலத்தின் காற்றை அளந்தது.