நமக்கு வாய்த்த தேகம்

நவராத்திரி வந்துவிட்டால், தெருவிலுள்ள கொலு வீடுகளுக்கெல்லாம் முதல் ஆளாகப் போய், முதல் பாட்டைப் பாடி, கடைசி ஆளாகச் சுண்டல் வாங்கிக்கொண்டு திரும்பும் அத்தை ஒருவர் நமக்கு உண்டு. நல்ல சாரீரம், அதைவிட நல்ல சுபாவம். சில வருஷங்களுக்கு முன் ஒரு நவராத்திரியில் அவர் எந்த வீட்டுக்கும் போகவில்லை. ஜலதோஷம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மறு வருஷமும் ஜலதோஷம். பஞ்சாங்கம் பார்த்து வருகிற இந்த ஜலதோஷத்தைப் பற்றி நமக்குச் சந்தேகம் உண்டாயிற்று. விசாரித்ததில், அது குடிகொண்டிருந்த இடம் மூக்கு அல்ல, முழங்கால் என்று தெரிய வந்தது.

“ஜமக்காளத்தில் எல்லாரும் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் மட்டும் நாற்காலி கொண்டா என்று கேட்பதா? நாலு பேர் என்ன நினைப்பார்கள்?” என்றார் அத்தை.

அந்த நாலு பேருக்குப் பயந்து அவர் கொலுவை விட்டார். பிறகு கோயிலை விட்டார். பிறகு மாலை வேளையில் கடைவீதி வரையில் நடந்து வருவதையும் விட்டார். மூன்றாம் வருஷம், குட்டை முக்காலியிலிருந்து எழுந்திருப்பதற்குக்கூட ஒருவர் கை கொடுக்க வேண்டியதாயிற்று. முழங்கால் கெடுத்தது கொஞ்சம். வெட்கம் கெடுத்தது அதைவிட ஜாஸ்தி.

இப்படிப்பட்ட ஓர் அத்தை இல்லாத வீடு தமிழ்நாட்டில் இராது. அத்தை இல்லாவிட்டால், தொந்தியை மறைக்கச் சட்டையை வெளியே விட்டுக்கொள்ளும் சித்தப்பா இருப்பார். பிள்ளை பெற்ற பிறகு பழைய போட்டோவைப் பார்த்துப் பெருமூச்சு விடும் மருமகள் இருப்பாள். கூனல் தோளுக்காகக் குரூப் போட்டோவில் பின்வரிசை தேடும் பையன் இருப்பான். ஒவ்வொருவருக்கும் தம் தேகத்தின்மீது ஒரு வழக்கு உண்டு. அந்த வழக்கில் வாதியும் அவரே, பிரதிவாதியும் அவரே. ஆகையால் அது தீர்ந்தபாடில்லை.

சிலர் தேகத்தை ஒளித்து வைக்கிறார்கள். சிலர் அதைத் தண்டிக்கிறார்கள். வருஷப் பிறப்பன்று சபதம் செய்து, விடியற்காலையில் நான்கு மைல் ஓடி, பொங்கலுக்குள் கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுக்கும் அன்பர்கள் இந்த இரண்டாவது வகுப்பைச் சேர்ந்தவர்கள். ஒளித்தாலும் தண்டித்தாலும் தேகத்துக்குக் கிடைப்பது ஒன்றுதான்: அதை யாரும் கவனிப்பதில்லை.

பெல்லூர்ப் பையன்

இந்த இடத்தில் ஒரு மனிதரின் வரலாற்றை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. 1918-ம் வருஷம் டிசம்பர் மாதம், மைசூர் ராஜ்யத்தில் பெல்லூர் என்னும் கிராமத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. உலகமெங்கும் விஷக் காய்ச்சல் பரவியிருந்த வருஷம் அது. குழந்தையின் தாயையும் அந்தக் காய்ச்சல் பிடித்திருந்தது. தகப்பனார் பள்ளிக்கூட உபாத்தியாயர்; வீட்டில் குழந்தைகள் பலர். பையனுக்கு ஒன்பது வயதானபோது தகப்பனார் காலமானார். மலேரியா, டைபாய்டு, க்ஷயம் ஆகிய நோய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவனை உருக்குலைத்தன. கைகால்கள் குச்சியாக மெலிந்து, வயிறு முன்தள்ளி, தலை நிமிராமல் தொங்கிக் கிடந்த நிலைமையைப் பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

அவருடைய தமக்கையின் கணவர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார், மைசூர் மகாராஜாவின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை நடத்தி வந்தார். 1934-ம் வருஷத்தில், தேகம் கொஞ்சம் தேறட்டும் என்று மைத்துனனைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார். பையனைப் பார்த்த எவருக்கும், அவன் ஆசனம் கற்றுத் தேறுவான் என்ற நம்பிக்கை உண்டாக இடமில்லை. முன்னால் குனிந்தால் கை கால்விரலை எட்டாது, முழங்காலோடு நின்றுவிடும். ஆயினும் 1937-ம் வருஷத்தில், பதினெட்டே வயதான அந்தப் பையன், யோகாசனம் கற்பிப்பதற்காகப் பூனா நகரத்துக்கு அனுப்பப்பட்டான். அவர்தான் பிற்காலத்தில் உலகமறிந்த பி. கே. எஸ். ஐயங்கார்.

பிறவியிலேயே வளைந்து கொடுக்கும் தேகம் வாய்த்திருந்தால் அவர் நல்ல வித்தைக்காரராக ஆகியிருக்கலாம். இவ்வளவு நல்ல ஆசிரியராக ஆகியிருப்பாரோ, சந்தேகந்தான். எந்த மூட்டு எங்கே முரண்டு பிடிக்கும், எந்த இடத்தில் மூச்சு முட்டும் என்பதையெல்லாம் அவர் தம் சொந்தத் தேகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர். ஆகையால், தரையைத் தொட முடியாத கைக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்தார். பாதத்தை எட்டாதவருக்கு ஒரு வாரைக் கொடுத்தார். முதுகு நிமிராதவருக்கு நாற்காலியையும், மடித்த கம்பளியையும், திண்டையும், சுவரில் கட்டிய கயிற்றையும் துணையாக்கினார். கட்டையும் கயிறும் பிடித்துச் செய்வது மட்டமான ஆசனம் என்று அவர் கருதவில்லை. ஆள் தரைக்குப் போக முடியாவிட்டால், தரை ஆளிடம் வரட்டுமே!

1952-ம் வருஷத்தில் பம்பாய்க்கு வந்திருந்த வயலின் வித்வான் யஹூதி மெனுஹின் அவரைச் சந்தித்த கதை பிரசித்தமானது. ஐந்து நிமிஷந்தான் அவகாசம் என்று சொல்லியிருந்தார் வித்வான். ஐயங்கார் அவரைத் தலைகீழாக நிறுத்தவில்லை. கையைக் காலை முறுக்கவும் இல்லை. மல்லாந்து படுக்கச் சொல்லிச் சவாசனத்தில் கிடத்தினார். களைத்துப் போயிருந்த மெனுஹின் அப்படியே தூங்கிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்து விழித்தபின், இன்னும் இரண்டு மணி நேரம் இருந்து கற்றுக்கொண்டார். அந்தத் தேகத்துக்கு அன்று முதலில் வேண்டியிருந்தது ஓய்வு. அதைக் கண்டுகொண்டதுதான் ஆசிரியரின் திறமை. 1966-ம் வருஷத்தில் ஐயங்காரின் பெரிய நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது, அதற்கு முன்னுரை எழுதியவர் இந்த மெனுஹின்தான்.

இவ்வளவு தேர்ந்த தேகத்துக்கும் மறுபடி ஒரு சோதனை வந்தது. 1979-ம் வருஷத்தில் ஸ்கூட்டர் விபத்தில் சிக்கி அவர் பலமாகக் காயமுற்றார். அறுபது வயதில், தாம் உலகத்துக்குக் கற்பித்த ஆசனங்களைத் தாமே முதலிலிருந்து பயில வேண்டி வந்தது. மற்றவர்களுக்காக அவர் உண்டாக்கிய கட்டையும் வாரும் அப்போது அவருக்கே ஊன்றுகோலாயின. 2014-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் காலமானபோது அவருக்கு வயது 95.

சென்னைக்கு வந்த குரு

அவருடைய குருவின் கடைசிக் காலம் நம் சென்னைப் பட்டணத்தில் கழிந்தது. மைசூரில் இளம் பிள்ளைகளுக்குக் கடுமையான பயிற்சி கொடுத்து வந்த கிருஷ்ணமாச்சாரியார், சென்னையில் நோயாளிகளையும், முதியவர்களையும், கிருகஸ்தர்களையும் ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கற்பித்தார். வயது என்ன, தொழில் என்ன, நோய் என்ன, மூச்சு எப்படி ஓடுகிறது என்று பார்த்துப் பயிற்சி வகுப்பது அவர் முறை. அவருடைய புதல்வர் தேசிகாச்சார் 1976-ம் வருஷத்தில் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சாரிய யோக மந்திரம் இந்த முறையையே கைக்கொண்டது.

கிருஷ்ணமாச்சாரியார் தமது 96-வது வயதில் இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். ரண சிகிச்சை வேண்டாமென்று சொல்லிவிட்டு, படுக்கையில் கிடந்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தமக்கென்று வகுத்துக்கொண்டார். ரண சிகிச்சையை மறுத்ததை மற்றவர்கள் பின்பற்ற வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. இடுப்பு முறிந்தால் வைத்தியர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு காலத்தில் மகாராஜாவின் சபையில் அரிய ஆசனங்களைச் செய்து காட்டியவர், கட்டிலில் கிடந்தபோது, “பழைய தேகம் போயிற்றே!” என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு இருந்த தேகத்தைக் கொண்டு அன்றைக்குச் செய்யக்கூடியதைச் செய்தார். 1989-ம் வருஷத்தில், நூறு வயது நிரம்பியபின் காலமானார்.

மூட்டும் மூச்சும்

இதெல்லாம் மகான்களுக்குச் சரி, நம் வீட்டு முழங்காலுக்கு என்ன வழி என்று நேயர்கள் கேட்கலாம். முழங்காலின் சங்கதியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் வழி தானே புலப்படும்.

மூட்டில் எலும்பும் எலும்பும் உராயாமல் காக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டை அசைக்கும்போது, அங்குள்ள திரவம் அதில் ஊறி இறங்கி அதற்கு உணவூட்டுகிறது. அசைவு நின்றால் ஊட்டமும் குறைகிறது. முழங்காலைத் தாங்கிப் பிடிக்கும் முன்தொடைச் சதையோ, வேலை கொடுக்காவிட்டால் சில வாரங்களிலேயே இளைத்துவிடும். வலிக்கிறது என்று உட்கார்ந்தால் சதை இளைக்கிறது. சதை இளைத்தால் மூட்டின் பாரம் கூடுகிறது. பாரம் கூடினால் வலி கூடுகிறது. இந்தச் செக்கிலிருந்து வெளியே வருவதற்கு, அளவறிந்த அசைவு ஒன்றே வாயில்.

மனசுக்கும் இதில் பங்கு உண்டு. மூச்சை வெளியே விடும்போது இருதயத்தின் துடிப்பு சற்று மெதுவாகிறது. உள்ளே இழுக்கும்போது சற்று விரைகிறது. வெளிமூச்சை நிதானமாக நீட்டி விடுகிறவனுக்குப் படபடப்பு அடங்குவது இந்த உறவினால்தான். பயந்து இறுகிய சதை வலியைப் பெரிதாக்கும்; நிதானமான மூச்சு அந்த இறுக்கத்தைத் தளர்த்தும். ஆசனத்தில் மூச்சு திணறினால், “இன்றைக்கு இது போதும்” என்று தேகம் சொல்கிறது என்று அறிக. அந்தப் பேச்சைக் கேட்கக் கற்பது பயிற்சியில் பாதி.

வயது வந்தவர்களுக்கு வாரத்தில் 150 நிமிஷமாவது மிதமான தேக உழைப்பு வேண்டும் என்றும், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது நிலைதடுமாறாமல் நிற்பதற்கும் சதை வலுவுக்கும் ஏற்ற பயிற்சி செய்ய வேண்டும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்கிறது. நாள் ஒன்றுக்கு இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான் கணக்கு. ரத்த அழுத்தம், இருதய நோய், கண் அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். தலைகீழாக நிற்கும் ஆசனங்களைத் தாமாகத் தொடவே கூடாது. சாப்பிட்டு வரும் மருந்தை ஆசனத்தை நம்பி நிறுத்துவதும் கூடாது.

அத்தையின் நாற்காலி

நம் அத்தையை ஒருவாறு சம்மதிக்கச் செய்து வைத்தியரிடம் அழைத்துப் போனோம். மூட்டுத் தேய்மானம் என்றார் வைத்தியர். அவர் அனுமதியின் பேரில், பக்கத்துத் தெருவிலுள்ள ஓர் ஆசிரியை வீட்டுக்கு வந்து கற்பித்தார். முதல் நாள் பாடம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு விடுவது மட்டுமே. “இதற்கா சம்பளம்?” என்று அத்தை நம்மிடம் குறைப்பட்டுக்கொண்டார். பிறகு, உட்கார்ந்தபடியே ஒரு காலை முன்னால் நீட்டி, சில மூச்சு நேரம் நிறுத்தி, மெல்ல இறக்குவது. பிறகு, சுவரோடு சேர்த்துப் போட்ட நாற்காலியிலிருந்து மூச்சை விட்டுக்கொண்டே எழுந்து, அவசரமின்றி உட்காருவது. ஆரம்பத்தில் ஐந்து தடவை. கடைசியில் கட்டிலில் படுத்து, முழங்காலுக்கடியில் தலையணை கொடுத்து, பத்து நிமிஷம் சும்மா இருப்பது. சும்மா இருப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்ததாம்.

ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் அத்தை தம் முழங்கால் இரண்டுக்கும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நாற்பது வருஷம் இந்தக் குடும்பத்துக்காக ஓடியாடிய கால்கள். ஒரு நாளாவது இவற்றை ஏறெடுத்துப் பார்த்திருக்கிறேனா? வலிக்க ஆரம்பித்த பிறகு திட்டினேன், அவ்வளவுதான்” என்றார். அவர் தேகத்தோடு ராஜியான நாள் அதுதான் என்று நாம் நினைக்கிறோம்.

முழங்கால் முற்றும் குணமாகிவிட்டதா என்றால், இல்லை. மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது. சம்மணமிட முடிவதில்லை, இனி முடியப்போவதும் இல்லை. ஆனால் முக்காலியிலிருந்து எழுந்திருக்க இப்போது யாரும் கை கொடுக்க வேண்டியதில்லை. கடைவீதிக்குப் போய்க் கத்தரிக்காய் விலை பேசிவிட்டு வருகிறார்.

போன நவராத்திரியில் அத்தைக்கு ஜலதோஷம் வரவில்லை. அடுத்த வீட்டுக் கொலுவுக்குப் போனார். வாசற்படியிலேயே, “அம்மா, எனக்கு ஒரு நாற்காலி போட்டுவிடு, பாட்டு வேண்டுமானால் பாடுகிறேன்” என்று சொன்னாராம். நாற்காலி வந்தது, பாட்டும் வந்தது. பாட்டு முடிவதற்குள், ஜமக்காளத்தில் காலை மாற்றி மாற்றி மடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் தமக்கும் ஒன்று வேண்டுமென்று மெதுவாகக் கேட்டார். அவரைப் பார்த்து இன்னொருவர் கேட்டார். மங்கள ஆரத்தி எடுக்கும்போது அந்தக் கூடத்தில் நாலு நாற்காலிகள் இருந்தன.

இத்தனை வருஷமாக அத்தை பயந்துகொண்டிருந்த அந்த நாலு பேர் யார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.