பழுப்பு உடையில் பறந்த சூப்பர்மேன்

சூப்பர்மேனின் சட்டை என்ன நிறம்? வீட்டில் உள்ள சின்னப் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். நீலச் சட்டை, தோளில் சிவப்புத் துணி என்று யோசிக்காமல் சொல்லும். ஆனால், தொலைக்காட்சித் தொடரில் முதன்முதலாகப் பறந்த சூப்பர்மேன் உடுத்தியிருந்தது சாம்பலும் பழுப்பும்தான் என்றால் நம்புவீர்களா?

1952-ஆம் ஆண்டு அமெரிக்காவில் 'அட்வெஞ்சர்ஸ் ஆஃப் சூப்பர்மேன்' என்ற தொடர் தொடங்கியது. ஜார்ஜ் ரீவ்ஸ் என்பவர் நாயகன். அன்றைய கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்கு நிறம் தெரியாது. வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வுதான் தெரியும். நீலத்தையும் சிவப்பையும் அருகருகே வைத்துப் படம் எடுத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே சாம்பலாய் விழுந்துவிடக்கூடும். சட்டை எது, தோள்துணி எது என்று புரியாது. அதனால்தான் சாம்பலிலும் பழுப்பிலும் உடை தைத்தார்கள். அதைப் பார்த்த பிள்ளைகள் சித்திரக் கதைப் புத்தகத்தில் கண்ட நீலத்தையும் சிவப்பையும் தாங்களே மனத்தில் பூசிக்கொண்டார்கள்.

பெயர்தான் சூப்பர்மேனே தவிர, முதலாண்டின் 26 கதைகளும் துப்பறியும் கதைகளைப் போலத்தான் இருக்கும். நாயகன் பறப்பது சில நிமிடங்களே. மற்ற நேரமெல்லாம் தொப்பியும் மூக்குக் கண்ணாடியுமாக, பத்திரிகை நிருபர் கிளார்க் கென்ட் என்ற பெயரில் திருடர்களைத் தேடி அலைவார். இருண்ட சந்து, பாதி முகத்தில் மட்டும் விழும் விளக்கு, சுவரில் நீளும் நிழல். இதற்கெல்லாம் கலர் எதற்கு? இந்த 26 கதைகளையும் நிறமில்லாமல் பார்ப்பதே சரி என்பது என் எண்ணம்.

சிக்கனமும் பெரிதுதான். பல கதைகளின் அலுவலகக் காட்சிகளை ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். அதனால் நிருபர் லோயிஸ் லேன் வாரம் தவறாமல் அதே உடை, அதே தொப்பியில் வருவார். இன்னொரு வேடிக்கை: சுட்ட குண்டெல்லாம் நெஞ்சில் பட்டுத் தெறிக்க, இடுப்பில் கை வைத்துச் சிரித்துக்கொண்டு நிற்பார் நாயகன். குண்டு தீர்ந்ததும் திருடன் வெறும் துப்பாக்கியைத் தூக்கி எறிவான். அதற்கு மட்டும் குனிந்துகொள்வார்!

1954-இல் இருந்து கலரில் படமெடுத்தார்கள். நீலமும் சிவப்புமாகப் புது உடையும் வந்தது. ஆயினும் தொடர் ஓடி முடிந்த 1958 வரை பெரும்பாலான வீடுகளில் அதுவும் சாம்பலாகத்தான் தெரிந்தது. காரணம் உங்களுக்கே தெரியும். சிங்கப்பூருக்கு வண்ணத் தொலைக்காட்சி 1974-இலும், மலேசியாவுக்கு 1978 கடைசியிலும்தான் வந்தது. அதுவரை எந்தத் தொடரைக் கலரில் எடுத்திருந்தாலும் நாம் பார்த்தது கறுப்பு வெள்ளையே. லயத்தில் ஒரு வீட்டில் பெட்டி இருக்கும். பாயில் பத்துப் பேர், சன்னலில் பத்துப் பேர். கார் பேட்டரி இறங்க இறங்கப் படம் நாலு பக்கமும் சுருங்கிக்கொண்டே போகும். திருடன் பிடிபடுவானா, பேட்டரி முந்துமா என்பதுதான் அன்றைய பெரிய மர்மம்!

தொடர் முடிந்தபின் ஜார்ஜ் ரீவ்ஸுக்கு வேறு நல்ல வேடம் கிடைக்கவில்லை. பார்த்தவர்கள் கண்ணுக்கு அவர் சூப்பர்மேனாகவே நின்றுவிட்டார். 1959 ஜூன் மாதம், தமது வீட்டில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். வயது 45. தற்கொலை என்றது போலீஸ். அதை ஒப்பாதவர்களும் உண்டு.

அந்தப் பழைய கதைகள் இன்று வட்டுகளில் கிடைக்கின்றன. பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒன்றைப் பாருங்கள். "பெட்டி கெட்டுப்போச்சா, தாத்தா?" என்று முதலில் கேட்கும். பதில் சொல்லாதீர்கள். கதை முடிந்ததும், சட்டை என்ன நிறம் என்று மட்டும் கேளுங்கள்.