சொல்லும் இடம் அறிந்து சொல்வோம்

மழைக்காலத்தில் ஒரு நாள். எட்டாம் வகுப்பின் மூன்றாம் பெஞ்சில் ஒரு மாணவனை விட்டு மற்றவர்கள் விலகி உட்கார்ந்திருந்தார்கள். அருகே போனதும் காரணம் புரிந்தது. "நாளைக்காவது குளிச்சுட்டு வா" என்றேன். வகுப்பு சிரித்தது. "குளிச்சுட்டுத்தானுங்க சார் வந்தேன்" என்ற அவன் குரல் சிரிப்பில் அமுங்கிப்போனது. அடுத்த மூன்று நாள்கள் அவன் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீடு தேடிப் போனேன். முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையைச் சுற்றி வாழும் பல குடும்பங்களைப் போல அவர்களுக்கும் லைன் வீடுதான். எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே குழாய். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு சேர இரவு ஒன்பது மணி ஆகிவிடும்.

"தண்ணி வாத்துக்காம அவன் பள்ளிக்கூடம் போனதே இல்லீங்க சார். ராத்திரி வந்துதான் துணி தொவைக்கறனுங்க. மழைக்குக் காய மாட்டீங்குது. ஈரத்தோடயே போட்டுட்டு வந்துடறான்" என்றார்.

தினமும் குளிக்கும் பிள்ளையைத்தான் வகுப்பறிய அவமானப்படுத்தியிருக்கிறேன்.

வாடை எங்கிருந்து வருகிறது?

வியர்வைக்குப் பெரும்பாலும் தனி வாடை கிடையாது. தோலிலுள்ள பாக்டீரியாக்கள் அதைச் சிதைக்கும்போதுதான் வாடை பிறக்கிறது. அக்குளிலுள்ள ஒருவகை வியர்வைச் சுரப்பிகள் வளரிளம் பருவத்தில்தான் வேலை செய்யத் தொடங்கும். நடுநிலை வகுப்புகளில் இந்தச் சிக்கல் தலைகாட்டுவது அதனால்தான்.

துணிக்கும் இதில் பங்குண்டு. பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், உடற்பயிற்சி செய்த 26 பேரின் சட்டைகளை ஒப்பிட்டார்கள். பருத்தியைவிட பாலியஸ்டரில் வாடை கடுமையாக இருந்தது. காயாத ஈரத்துணியிலும் நுண்ணுயிரிகள் பெருகும். சொத்தைப்பல், காதில் சீழ், ஆறாத புண், படுக்கையில் சிறுநீர் கழித்தல் ஆகியவையும் காரணமாகலாம். அவற்றுக்குச் சோப்பு மருந்தாகாது.

ஒரு மூத்தவர் சொன்ன விதம்

பின்னொரு சமயம் என் முறை வந்தது. தினமும் ஆசிரியர் அறையில் பாடி ஸ்ப்ரே அடித்துக்கொள்வேன். மூத்த ஆசிரியர் ஒருவர் டீ குடிக்கத் தனியே அழைத்துப் போனார். "தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. நம்ம டீச்சருக்கு வீசிங் இருக்குது. அந்த ஸ்ப்ரேயை வெளியே அடிச்சுக்கிட்டா நல்லாருக்கும்" என்றார். அதோடு பேச்சை மாற்றிவிட்டார். எனக்குக் கோபமே வரவில்லை. மாணவனிடம் நான் செய்யத் தவறியதை அவர் என்னிடம் செய்துகாட்டினார்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. தனியே பேசுங்கள், கூடுமானவரை பள்ளி விடும் நேரத்தில். அப்போது நாள் முழுதும் அந்த நினைப்போடு வகுப்பில் உட்கார வேண்டியிருக்காது.

2. முதலில் கேளுங்கள்: "வீட்டில் தண்ணீர் எப்போது வரும்? துணி யார் துவைப்பது?" பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

3. "எல்லோரும் சொல்கிறார்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். உங்கள் அக்கறையாக மட்டும் சொல்லுங்கள்.

4. மாணவியரிடம் ஆசிரியையே பேசட்டும். மாதவிடாய் நாள்களின் சிரமம் என்றால், புதுயுகம் திட்ட நாப்கின் அவர் கைக்குத் தயங்காமல் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

5. தன்சுத்தப் பாடத்தை வகுப்பு முழுமைக்கும் நடத்துங்கள். ஆனால் ஒருவரிடம் பேசிய மறுநாளே வேண்டாம்.

6. சக ஆசிரியர் என்றாலும் இதே முறைதான். நெருங்கிய ஒருவர் ஒருமுறை சொன்னால் போதும். பொதுச் சுற்றறிக்கை வேண்டாம். மேசைமேல் சோப்பு வைக்கும் கேலியும் வேண்டாம்.

திங்களன்று அவன் வந்தான். "அன்று நான் பேசியது தவறு" என்று வகுப்பில் சொன்னேன். துணியைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ பேச்செடுக்கவில்லை. அவனுக்கென ஒரு மாற்றுச் சீருடையைப் பள்ளியிலேயே வைத்தோம். மழை பெய்த நாள்களில் சற்று முன்னதாக வந்து மாற்றிக்கொள்வான். மூன்றாம் பெஞ்சில் இடைவெளி மறைய இரண்டு வாரம் ஆயிற்று. அதை உண்டாக்க எனக்கு ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.