பின் அச்சுக்குள் இருப்பது எது?

ஆற்று மணலில் மாட்டிய லாரியைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கச் சக்கரம் விர்ரென்று சுற்றும். மறுபக்கம் அசையவே அசையாது. மிதிக்க மிதிக்க வண்டி புதையும். நண்பர்களே, இது எஞ்சினின் குறை அல்ல, டிஃபரன்ஷியலின் குணம்!

வளைவில் வெளிச்சக்கரம் உள்சக்கரத்தை விட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு வழி செய்வதே டிஃபரன்ஷியல். பிரான்ஸ் நாட்டு பெக்கர் 1828-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் சமமான முறுக்கு விசையைத்தான் தரும். வழுக்கும் சக்கரம் கொஞ்சம்தான் வாங்கும் என்றால், நல்ல தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அந்தக் கொஞ்சம்தான்.

இதற்கு மாற்று இரண்டு. லிமிடெட் ஸ்லிப்பில் பொதுவாக கிளட்ச் தட்டுகள் இரு பக்கத்தையும் இறுக்கிப் பிடிக்கும். அளவு மீறினால் வழுக்கிவிடும். லாக்கிங் வகையில் இரண்டு ஆக்ஸில் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வழுக்கல் என்ற பேச்சே இல்லை.

சரி, நம் முன்னால் நிற்கும் வண்டியில் எது இருக்கு? எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முதலில் டாஷ்போர்டைப் பாருங்கள். டிஃபரன்ஷியல் லாக் சுவிட்ச் இருந்தால் அது டிரைவர் போடும் லாக். டிப்பர் லாரிகளில் பெரும்பாலும் காற்றழுத்தத்தில் வேலை செய்யும்.

சுவிட்ச் இல்லையென்றால் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். பின் அச்சை இரு பக்கமும் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். எஞ்சின் ஆஃப். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, கியரில் போடுங்கள். இப்போது புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றாது. ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மறுசக்கரம் லேசாக எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண வகை. ரொம்ப இறுக்கமாக, பலம் கொடுத்தால்தான் நகர்கிறது என்றால் லிமிடெட் ஸ்லிப். பல்சக்கர இடைவெளி அளவுக்கு ஆடிவிட்டு நின்றுவிட்டால் பூட்டியிருக்கிறது.

இங்கேதான் பலர் ஏமாந்து போவது! தட்டு தேய்ந்த லிமிடெட் ஸ்லிப்பும் சாதாரண வகை போலவே சுற்றும். தானாகப் பூட்டும் லாக்கரும் அப்படித்தான். ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்களில் 1973 முதல் வந்த ஈட்டன் லாக்கர், இரு சக்கர வேகத்துக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் பூட்டும். கையால் அந்த வேகம் வருமா? ஆகவே எதிர்த்திசையில் சுற்றியதும் 'சாதாரணம்' என்று எழுதிவிடக் கூடாது. வண்டியின் கையேடு, அச்சில் உள்ள தகட்டு எண் இரண்டையும் பார்க்கணும். சந்தேகம் தீரவில்லையா? ஹவுசிங்கைத் திறந்து பார்ப்பதுதான் முடிவு.

தெரிந்து என்ன லாபம் என்று கேட்கலாம். கிளட்ச் வகைக்கு அதற்கென்ற சேர்மானம் கலந்த ஆயில் வேண்டும். இல்லையேல் திருப்பத்தில் அதிர்ந்து, தட்டு தேயும். லாக்கைப் போட்டபடி தார்ச்சாலையில் திருப்பினால் டயரும் ஆக்ஸில் ஷாஃப்டும் பாழ். அந்தச் செலவு வண்டிக்காரர் தலையில்தான் விழும்.

அதைவிட முக்கியம் உயிர். ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓட்டி கியர் போட்டுச் சோதிப்பவர்கள் உண்டு. உள்ளே லிமிடெட் ஸ்லிப்போ லாக்கோ இருந்தால், தரையில் நிற்கும் சக்கரம் வண்டியை ஜாக்கியிலிருந்து தள்ளிவிடும். அந்த நேரத்தில் அடியில் படுத்திருப்பது நம்மைப் போன்ற ஒரு ஹெல்பர் பையனாக இருக்கலாம். அதனால், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும்வரை பூட்டு இருப்பதாகவே நினைத்து வேலை செய்வோம்!