காசு சுண்டி மேயர்! பிலிப்பைன்ஸ் வாக்காளர்களின் கதை தெரியுமா?

நம் ஒரு ஓட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று அலுத்துக்கொள்பவரா நீங்கள்? வாருங்கள், பிலிப்பைன்ஸ் பக்கம் ஒரு நடை போய்விட்டு வருவோம். 7,600க்கும் மேற்பட்ட தீவுகள், 2025இல் 6.8 கோடி வாக்காளர்கள், திரும்பிய பக்கமெல்லாம் ஆச்சரியம்!

நாணயம் தேர்ந்தெடுத்த மேயர்!
2013. ஓரியண்டல் மிண்டோரோ மாகாணத்தில் சான் தியோடோரோ என்ற ஊர். மேயர் பதவிக்கு மோதிய இருவருக்கும் தலா 3,236 ஓட்டு! சமநிலை வந்தால் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்யவேண்டும் என்கிறது சட்டம். சீட்டுக்குப் பதில் காசைச் சுண்டினார்கள், மேயர் கிடைத்துவிட்டார்! அன்று வீட்டிலேயே கால் நீட்டிப் படுத்திருந்தவர்களில் ஒருவர் எழுந்து போயிருந்தால்?

‘பிட்’ கொண்டுபோகலாம்!
செனட்டுக்கு மட்டுமே 12 பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு ஆளுநர், மேயர், கவுன்சிலர்கள்... 2007 வரை அத்தனை பெயரையும் வாக்காளரே கைப்பட எழுதவேண்டும்! சினிமா நடிகர் பெயர் சட்டென்று வரும். நல்ல நிர்வாகியின் பெயர் வருமா? 2010 முதல் பெயர்கள் அச்சாகி வருகின்றன, பக்கத்தில் உள்ள வட்டத்தை மையால் நிரப்பினால் போதும். யாருக்குப் போடுவது என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு வரும் துண்டுச்சீட்டுக்கு அங்கே ‘கோடிகோ’ என்று பெயர். பரீட்சை பிட்டுக்கும் அதே பெயர்தான்! ஓட்டுச்சாவடியில் மட்டும் அதற்குத் தடையில்லை.

16 நாளில் கவிழ்ந்த ஆட்சி!
1986 பிப்ரவரி 9. அதிபர் தேர்தலின் ஓட்டு எண்ணும் அரங்கில் கணினி முன் இருந்த 35 பேர் திடீரென எழுந்தார்கள். தாங்கள் பதிவு செய்த எண்ணிக்கை வேறு, பலகையில் ஏறிய எண்ணிக்கை வேறு! வேலையை உதறி வெளியேறி, பக்லாரன் தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். பிப்ரவரி 25, மக்கள் வெள்ளத்தின் நடுவே அதிபர் மார்க்கோஸ் நாட்டைவிட்டே பறந்தார். கதை முடிந்ததா? 2022இல் அவர் மகனை 3.1 கோடிக்கும் அதிகமான ஓட்டுகள் அதிபராக்கின!

தண்டனை பெற்றவருக்கு மாலை!
நடிகர் எஸ்ட்ராடா 1998இல் அதிபர். 2001இல் தெருவில் திரண்ட மக்கள் இறக்கினார்கள். 2007இல் பொதுப்பணத்தைக் கொள்ளையடித்த வழக்கில் ஆயுள் தண்டனை, பிறகு மன்னிப்பு. 2013இல்? மணிலா மேயர்!

ஊன்றுகோலோடு வந்த புயல்!
அரசியல் வாரிசுகளைத் தடுக்கவேண்டும் என்கிறது 1987 அரசியலமைப்பு. தடுக்கும் சட்டத்தை இயற்ற வேண்டியவர்கள் யார்? பெரும்பாலும் வாரிசுகள்! 38 ஆண்டு கழித்து 2025லும் அந்தச் சட்டம் வரவில்லை. ஆனால் இசபெலா மாகாண மக்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. இளம்பிள்ளை வாதத்தால் ஊன்றுகோலில் நடந்த வானொலி அறிவிப்பாளர் கிரேஸ் படாக்காவை 2004இல் ஆளுநராக்கி, பல பத்தாண்டு ஆண்ட டி குடும்பத்தை வீழ்த்தினார்கள்! 2010இல் அதே குடும்பத்தைத் திரும்ப அழைத்துக்கொண்டதும் அவர்களேதான்.

வாங்கலாமா, கூடாதா?
ஓட்டுக்குத் தரும் பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள், ஓட்டை மனசாட்சிப்படி போடுங்கள் என்று மணிலாவின் கார்டினல் ஹைமே சின் சொன்ன யோசனை ஊரறிந்தது. பலிக்குமா? 2013இல் சோர்சோகோன் நகரில் ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்துவிட்டார்கள்! ஒரு சாராரிடம் “வாங்கவே மாட்டேன்” என்று வாக்குறுதி கேட்டார்கள். இன்னொரு சாராரிடம் “வாங்கினாலும் மனசாட்சிப்படி போடுவேன்” என்று. முதல் வாக்குறுதியால், சிறு தொகை புழங்கிய தேர்தலில் ஓட்டு விற்பனை சுமார் 11 சதவீதப் புள்ளி குறைந்தது! இரண்டாவது வாக்குறுதி அந்த அளவுக்கு எடுபடவில்லை. கை நீட்டி வாங்கியவருக்கு முகம் முறிக்க மனசு வருமா? அங்கேயும் அதே கதைதான்!