மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் தெம்பு

பத்தலப்பல்லி மலைப்பாதை போல ஓர் ஏற்றம் வேண்டுமென்றால், சென்னைக்காரர்கள் சைக்கிளைக் காரில் கட்டிக்கொண்டு ஏலகிரி வரைக்கும் வரவேண்டும். பேரணாம்பட்டுக்காரருக்கு அது வீட்டு வாசல். விடியும் முன்னே வி.கோட்டா பக்கம் ஏறி இறங்கிவிட்டு, டீ குடித்து, ஷிஃப்ட்டுக்குப் போய்விடலாம். ஓடுவதற்குக் குடியாத்தம் ரோடு இருக்கிறது. நீச்சலுக்குத்தான் திண்டாட்டம். கிணற்றில் பழகிய கைக்குக் கடல் வேண்டுமென்றால் சென்னைக்குப் போகவேண்டும்.

2019 அக்டோபரில் கோவாவில் ‘அயர்ன்மேன் 70.3’ முதன்முறையாக நடந்தது. கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். அது பாதித் தூரம்தான். முழுத் தூரம் என்றால் 3.8, 180, 42.2, மூன்றையும் 17 மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். 1978-ல் ஹவாயில் 15 பேரோடு தொடங்கிய இந்தப் பந்தயத்துக்கு, இன்று மாதச் சம்பளக்காரர்களும் ஒரு வருஷத்துக்கு மேல் தயாராகிறார்கள்.

அந்தத் தயாரிப்புக்கு இணையத்தில் கிடைக்கும் அட்டவணைகள், பகலெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. திங்கட்கிழமை ஓய்வு என்று அதில் போட்டிருக்கும். நம் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பவர் அந்தத் திங்கட்கிழமை ஈரத் தரையில், கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு, டிரம் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றிருப்பார். ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் பார்ப்பவரும் அப்படித்தான். ஓ.டி. வேறு. கெண்டைக்காலுக்கும் குதிகாலுக்கும் அது ஓய்வு நாள் ஆகாது. நின்ற நேரத்தையும் பயிற்சிக் கணக்கில் சேர்த்தால்தான் வாரத்தில் எத்தனை ஓட்டம் தாங்கும் என்பது தெரியும். நிற்கும் வேலைக்காரருக்கு மூன்று ஓட்டம் போதும், மிச்சத்தைச் சைக்கிளில் சேர்த்துக்கொள்ளலாம் என்பேன்.

மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். தசைநாரும் எலும்பும் பழக மாதங்கள் ஆகும். ‘நன்றாகத்தானே ஓடுகிறேன்’ என்று தூரத்தைக் கூட்டும் நேரத்தில்தான் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்குகிறது. உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்வது பெரும்பாலும் தூக்கத்தில். பெரியவர்களுக்கே ஏழு மணி நேரமாவது வேண்டும். நாலரை மணிக்கு அலாரம் வைப்பவர் ஒன்பதரைக்காவது படுக்கவேண்டும்; இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வருபவருக்கு அது நடக்காது. அவர் காலைப் பயிற்சியை விட்டுவிட்டுத் தூங்கினாலே அந்த வாரம் உருப்படும். நோன்பு மாதத்தில் சஹர் சாப்பாட்டுக்காக ஊரே விடியும் முன்பே எழுந்திருக்கும். அந்த மாதம் தூரத்தைப் பாதியாகக் குறைத்து, நோன்பு திறப்பதற்குச் சற்று முன்பு லேசாக ஓடினால் போதும். ஓடி முடித்த கையோடு தண்ணீர் கிடைக்கும்.

இதெல்லாம் பேசித் தீர்க்கக்கூடியவை. என்னை உறுத்துவது வேறொன்று.

எந்த ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் நடப்பதுதான். “அண்ணே, கால் வலிக்கு ஒண்ணு குடுங்க” என்றால், சீட்டு எதுவும் கேட்காமல் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி நான்கு மாத்திரை தருவார்கள். எந்த மருந்து என்ற பெயர், காலாவதி தேதி எல்லாம் வெட்டுப்படாத பாதியோடு கடையிலேயே நின்றுவிடும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென், அசிக்ளோஃபெனாக், ஏதோ ஒன்று. நீண்ட ஓட்டத்துக்கு முன்னால் ‘வலி வராமல் இருக்க’ ஒன்றைப் போட்டுக்கொண்டு கிளம்புவது நீண்ட தூரக்காரர்களிடம் உலகம் முழுக்க இருக்கும் பழக்கம். நம் வெயிலில் அது மிகக் கெட்ட பழக்கம்.

ஓடும்போது ரத்தம் காலுக்குப் போகிறது, சிறுநீரகத்துக்குக் குறைகிறது. வியர்வையில் நீர் வற்ற, இன்னும் குறைகிறது. அந்த நேரத்தில் சிறுநீரக ரத்தக்குழாய்களை விரித்துப் பிடித்திருப்பவை புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள்கள். வலி மாத்திரை தடுப்பது அவற்றைத்தான். 80 கிலோமீட்டர் ஓடிய 89 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2017-ல் வெளியானது. ஐபுப்ரொஃபென் போட்டவர்களில் பாதிப் பேருக்குச் சிறுநீரகப் பாதிப்பின் அறிகுறி ரத்தத்தில் தெரிந்தது. வெற்று மாத்திரை போட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு. அமெரிக்காவில் நூறு மைல் ஓட்டக்காரர்களிடம் நடந்த இன்னோர் ஆய்வில், மாத்திரை போட்டவர்களுக்கு உடல்வலி குறைந்ததாகவும் தெரியவில்லை.

மாட்டுத் தோலோடு வாழும் ஊர்க்காரர்களுக்கு இன்னொன்றையும் சொல்லவேண்டும். டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. கால்நடைகளுக்கு அந்த மருந்தை இந்தியா 2006-ல் தடை செய்தது. மனிதச் சிறுநீரகம் அவ்வளவு எளிதில் பழுதாகாது, உண்மை. ஆனால் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்க் கோடையில், தண்ணீர் குறைந்த உடம்போடு, வாராவாரம் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

மருத்துவர் சொன்ன அளவில் சில நாள் போட்டால் ஆபத்தில்லை என்பார்கள். ஓய்விலிருக்கும் நோயாளிக்கு அது சரி. மலை ஏறப்போகிறவருக்கு வலி தெரிந்தாகவேண்டும். தசைவலி பரந்து இருக்கும், ஓடி உடம்பு சூடேறினால் குறையும். எலும்பு வலியை ஒரே விரலால் தொட்டுக் காட்டலாம். ஓட ஓடக் கூடும், ஒற்றைக் காலில் குதித்தால் சுளீரென்று இழுக்கும். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லும் ஒரே சாட்சியைத்தான் மாத்திரை வாயடைத்துவிடுகிறது. மெல்லிய விரிசலோடு நின்றிருந்தால் சில வார ஓய்வில் சேர்ந்திருக்கும் எலும்பு, வலி தெரியாமல் ஓடினால் முழுதாக முறியலாம்.

விரலால் தொட்டால் வலிக்கும் இடம் எலும்பில் இருந்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்துங்கள். ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. ‘படத்தில் ஒன்றுமில்லை’ என்றாலும் வலி தொடர்ந்தால் மறுபடி காட்டுங்கள். நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, பல மணி நேரம் போகவே இல்லையென்றாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். போட்ட மாத்திரையின் பெயரை டாக்டரிடம் மறைக்காதீர்கள்.